32 ஜிபி டேப், மூன்று பேர்

எங்கள் வீட்டு டேப்லட் 32 ஜிபி. 2020-இல் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது மகளின் ஆன்லைன் வகுப்புக்காக அவசரத்தில் வாங்கியது. அப்போது கடையில் ஒரு டேப் கிடைத்ததே பெரிய விஷயம், எத்தனை ஜிபி என்றெல்லாம் யார் பார்த்தார்கள்? வகுப்பெல்லாம் முடிந்து இத்தனை வருஷம் ஆகியும் அது ஓடுகிறது, திரையில் ஒரு கீறல் இல்லை, பேட்டரியும் பரவாயில்லை. மகள் கேம் விளையாடுவதும் படம் வரைவதும் அதில்தான், என் மாமியார் சமையல் வீடியோவும் பஜனையும் பார்ப்பது அதில்தான், ராத்திரி நான் புத்தகம் படிப்பதும் அதில்தான். இடம் போதவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை.

"ஸ்டோரேஜ் ஃபுல்னு வருது, எந்த ஆப்பை அழிக்கட்டும்?" என்று என்னிடம் கேட்பவர்கள் நிறைய. ஆப்பை அழிப்பதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்பதுதான் என் அபிப்பிராயம். அழித்த இடம் கொஞ்ச நாளில் மறுபடி நிரம்பிவிடும், ஏனென்றால் நாம் கேட்காமலே உள்ளே வந்து சேரும் சரக்கு வந்துகொண்டேதான் இருக்கும். எது எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதை நிறுத்துவதுதான் வேலை. அழிப்பது அப்புறம்.

முதலில் ஒரு கணக்கு. பெட்டியில் போட்டிருக்கும் 32 ஜிபி என்பது 3,200 கோடி பைட். இது ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கும் கணக்கு. கம்ப்யூட்டர்காரர்களின் 1,024 கணக்கில் அதுவே 29.8 ஆகிவிடும். சில டேப்கள் அப்படியே 29.8 என்று காட்டும், சில 32 என்றே காட்டும், இரண்டும் ஒரே அளவுதான், யாரும் திருடவில்லை. ஆனால் அதிலிருந்து சிஸ்டம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு 7-லிருந்து சில கருவிகளில் சிஸ்டத்துக்கு இரண்டு பிரதிகள் வைக்கும் முறையும் வந்தது, ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றில் அப்டேட் ஏறிவிடும். வசதிதான், ஆனால் இடம் கேட்கும். எங்கள் டேப்பில் சிஸ்டம் என்ற பெயரில் 10 ஜிபிக்கு மேல் போய்விடுகிறது. மீதி 20-க்கும் கீழே. மூன்று பேர் சேர்ந்து ஆள்வது அந்த இடத்தைத்தான்.

இது ஆண்ட்ராய்டுக்கு மட்டும் உள்ள தலைவலி இல்லை. 2014-இல் ஆப்பிளின் ஐஓஎஸ் 8 வந்தபோது அதை வைஃபை வழியாக நேரடியாக ஏற்ற 5 ஜிபிக்குக் கிட்டத்தட்ட காலி இடம் தேவைப்பட்டது. கையில் 16 ஜிபி ஐபேட் வைத்திருந்தவர்கள் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவார்கள்? அமெரிக்காவில் வழக்குகூடப் போட்டார்கள். அடுத்த வருஷம் ஐஓஎஸ் 9-இல் அந்தத் தேவையை 1.3 ஜிபிக்குக் கொண்டுவந்தது ஆப்பிள்.

எவ்வளவு காலி வைத்தால் நல்லது என்று கேட்டால், நான் 3 ஜிபிக்குக் கீழே போக விடமாட்டேன். அப்டேட்டுக்கு வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் வேகம். உள்ளே இருக்கும் சேமிப்புச் சில்லில் ஒரு சின்ன இடத்தை மட்டும் அழித்துவிட்டு அதன்மேலேயே புதிதாக எழுத முடியாது, ஒரு பெரிய கட்டத்தை மொத்தமாகக் காலி செய்துதான் மறுபடி எழுத முடியும். அந்தக் கட்டத்தில் உயிரோடு இருக்கும் தகவலை முதலில் வேறு இடத்துக்கு மாற்றியாக வேண்டும், மாற்றுவதற்கே காலி இடம் வேண்டும். இடம் குறையக் குறைய இந்த இடமாற்றம் அதிகமாகி, கீபோர்டு வருவதற்கே நாம் காத்திருக்க வேண்டியதாகிறது. "டேப் பழசாயிடுச்சு, ஸ்லோ ஆயிடுச்சு" என்று சொல்லப்படும் பல டேப்கள் உண்மையில் நிரம்பிப்போன டேப்கள்.

சரி, சரக்கு வரும் வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி வாட்ஸ்அப். போனில் இருக்கும் வாட்ஸ்அப்பையே டேப்பிலும் இணைத்துக்கொள்ளலாம் என்பது அத்தைக்குப் பெரிய நிம்மதி, பெரிய திரை, பெரிய எழுத்து. ஆனால் மீடியா தானாக இறங்கும் விஷயத்தில் வாட்ஸ்அப் மொபைல் டேட்டாவுக்கு ஒரு விதியும் வைஃபைக்கு ஒரு விதியும் வைத்திருக்கிறது. பெரும்பாலும் மாற்றாமல் விட்டால் மொபைல் டேட்டாவில் படம் மட்டும் இறங்கும், வைஃபையில் படம், ஆடியோ, வீடியோ, டாக்குமெண்ட் எல்லாம் இறங்கும். போன் வெளியே சுற்றும்போது மொபைல் டேட்டாவில் இருக்கிறது. டேப்போ எந்நேரமும் வீட்டு வைஃபையில். ஆக, போனில் இறங்காத வீடியோகூட டேப்பில் சத்தமில்லாமல் இறங்கி உட்கார்ந்திருக்கும், யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா என்ற இடத்துக்குப் போய் வைஃபைக்கான நான்கு டிக்கையும் எடுத்துவிட்டால் போதும். பார்க்க வேண்டியதைத் தொட்டால் அது மட்டும் இறங்கும்.

இதில் பலரும் குழப்பிக்கொள்வது மீடியா விசிபிலிட்டி என்ற இன்னொரு ஸ்விட்சை. அதை அணைத்தால் படங்கள் கேலரியில் தெரியாது, அவ்வளவுதான். ஃபைல் இறங்கத்தான் செய்யும், இடத்தை அடைக்கத்தான் செய்யும். கேலரி சுத்தமாக இருக்கிறதே, ஏன் ஸ்டோரேஜ் நிரம்புகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் இதைத்தான் செய்திருப்பார்கள்.

ஏற்கெனவே சேர்ந்ததை அழிக்க அதே பக்கத்தில் மேனேஜ் ஸ்டோரேஜ் இருக்கிறது. 5 எம்பிக்கு மேல் உள்ளவற்றைத் தனியாகவும், பலமுறை ஃபார்வர்ட் ஆனவற்றைத் தனியாகவும் அதுவே பிரித்துக் காட்டும். பலமுறை ஃபார்வர்ட் ஆனது என்ற பட்டியல் ஒரு பொக்கிஷம், அதில் இருப்பதில் தொண்ணூறு சதவீதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம் என்று நான் நினைத்தேன். அத்தை அப்படி நினைக்கவில்லை.

"அத்தை, இந்த குட் மார்னிங் வீடியோ எல்லாம் அழிச்சிடட்டுமா?"

"எல்லாத்தையும் அழிச்சிடாதம்மா. எங்க அறுபதாம் கல்யாண வீடியோ அதுலதான் எங்கயோ இருக்கு."

இருந்தது. ரோஜாப்பூவுக்கும் விநாயகருக்கும் நடுவில். அதனால் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: வேண்டியதற்கு அத்தையே நட்சத்திரக் குறி போட்டுவிடுவார், அதை நான் முதலில் மெமரி கார்டுக்கு மாற்றிவிட்டு மீதியில் கை வைப்பேன். குடும்ப குரூப்பில் வரும் ஃபார்வர்டுகளை நிறுத்தச் சொல்லிப் பார்க்கலாமே என்று கேட்காதீர்கள். அது நடக்கிற காரியமா?

டெலிகிராம் இந்த விஷயத்தில் கொஞ்சம் சமத்து. எல்லாம் அவர்கள் சர்வரிலேயே இருப்பதால் இங்கே இருக்கும் நகலை அழித்தாலும் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். மீடியாவை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் வசதி அதன் செட்டிங்ஸிலேயே இருக்கிறது. குறைந்த நாளாக வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

அடுத்தது நான். புத்தகம் படிப்பவர்கள், தங்களால் டேப்பில் என்ன பெரிய இடம் போய்விடப் போகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். தமிழில் படிப்பவர்களுக்கு இது பொருந்தாது, ஏனென்றால் நமக்கு இணையத்தில் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் நல்ல நூல்களில் பெரும்பகுதி ஸ்கேன் செய்த பிடிஎஃப். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களும் பழைய இதழ்களும் குவிந்து கிடக்கின்றன, இலங்கைத் தமிழ் நூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் நூலகம் தளம் இருக்கிறது. பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள், அந்த உழைப்புக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். ஆனால் கலரில் ஸ்கேன் செய்த ஒரு பக்கம் 300 கேபி என்று வைத்துக்கொண்டால் 300 பக்க நூல் 90 எம்பி. ஐம்பது நூல் சேர்ந்தால் நாலரை ஜிபி. எங்கள் டேப்பில் எனக்கு வரும் பங்கே அவ்வளவுதான்.

அதே நூல் எழுத்தாக இருந்தால் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். யூனிகோடில் தமிழை வழக்கமாகச் சேமிக்கும் முறையில் ஒரு குறிக்கு மூன்று பைட். அம்மா என்று எழுத அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறி, ஆக 15 பைட். ஆங்கில எழுத்து ஒரு பைட்டில் முடிந்துவிடும், நமக்கு மூன்று மடங்கு. அப்படியும் எழுபதாயிரம் வார்த்தை கொண்ட ஒரு நாவல் 2 எம்பி சுமாருக்குத்தான் வரும். மின்னூல்களுக்கான இபப் கோப்பு என்பது உள்ளுக்குள் ஜிப் செய்யப்பட்ட பொட்டலம், அதில் போட்டால் அதுவும் சுருங்கி அரை எம்பிக்கு அக்கம்பக்கம் வந்து நிற்கும். ஸ்கேன் செய்த ஒரே ஒரு நூல் அடைக்கும் இடத்தில் ஒரு அலமாரி நிறைய நாவல்களை வைத்துவிடலாம்.

அதனால் ஒரு நூல் எழுத்து வடிவில் இருக்கிறதா என்று முதலில் தேடுவேன். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு நாவல்கள் வரை தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து, பிழை பார்த்து வைத்திருக்கிறார்கள். ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் இபப் ஆகவே கிடைக்கும். எழுத்தைப் பெரிதாக்கலாம், தேடலாம், ராத்திரியில் கருப்புப் பின்னணியில் படிக்கலாம். ஸ்கேன் பிடிஎஃப்பில் விரலால் இழுத்து இழுத்துப் படிக்கும் அவஸ்தையும் இல்லை.

ஸ்கேனைத்தான் வைத்துக்கொள்ள வேண்டிய நூல்களும் இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஓவியங்களோடு வந்த பழைய இதழ்கள் ஒன்று. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்கள் இன்னொன்று, தும்பிக்கை போட்ட லை, ணை எல்லாம் பார்த்துக்கொண்டே படிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, அதை டைப் செய்த பதிப்பில் பெற முடியாது. இவற்றைக் கம்ப்யூட்டரில் போட்டுச் சுருக்கித்தான் டேப்புக்குக் கொண்டுவருகிறேன். வெறும் எழுத்து மட்டும் உள்ள பக்கங்களைக் கலரிலிருந்து கருப்பு வெள்ளைக்கு மாற்றினால் அளவு மிகவும் குறையும், 90 எம்பி நூல் பல நேரம் 15 எம்பிக்குள் வந்துவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பழுப்பேறிய தாளைக் கருப்பு வெள்ளையாக்கும்போது மங்கலான சின்னப் புள்ளிகளை அழுக்கு என்று நினைத்து மென்பொருள் துடைத்துவிடும். ஆங்கிலத்தில் அதனால் பெரிய பாதகம் இல்லை, தமிழில் மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி போய்விடும். பக்கம் முழுக்க "பககம முழுகக" என்று இருந்தால் எப்படிப் படிப்பது? அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து இரண்டு பக்கம் சோதித்துப் பார்த்துவிட்டு முழு நூலையும் மாற்றுங்கள், மூலக் கோப்பை ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக வையுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். சில ரீடர் ஆப்கள் புத்தகத்தைத் திறந்ததுமே தன் ஃபோல்டருக்குள் ஒரு நகல் எடுத்துக்கொள்ளும். டவுன்லோட்ஸில் ஒன்று, ஆப்புக்குள் ஒன்று. அது போதாதென்று அதே பிடிஎஃப்பைப் பிரவுசரில் மறுபடி தொட்டால் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் 1, 2 என்று எண் போட்டு இன்னொன்றும் இறங்கும். கூகுளின் ஃபைல்ஸ் ஆப்பில் இரட்டைக் கோப்புகளைக் காட்டும் பகுதி ஒன்று உண்டு, நேராக அங்கே போனால் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் பாதியாகிவிடும். அழித்த பிறகும் ஃபைல்கள் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், இடம் உடனே வேண்டுமென்றால் தொட்டியையும் காலி செய்ய வேண்டும். இவ்வளவு அழித்தும் ஒரு எம்பிகூடக் கூடவில்லையே என்று சிலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது மகள். அவளிடம் இருக்கும் கேம்கள் ஒன்றிரண்டுதான், ஆனால் பிளே ஸ்டோரில் 150 எம்பி என்று போட்டிருக்கும் கேம், திறந்த பிறகு கூடுதல் ஃபைல்களை இறக்கி 2 ஜிபி ஆகி நிற்கும். அதைவிட மோசம் ஸ்க்ரீன் ரெக்கார்டிங். விளையாடுவதை அப்படியே பதிவு செய்து தோழிகளுக்குக் காட்ட வேண்டுமாம். நொடிக்கு 10 மெகாபிட் என்ற தரத்தில் பதிவு செய்தால் நிமிஷத்துக்கு 75 எம்பி, பத்து நிமிஷத்தில் முக்கால் ஜிபி காலி. தரத்தைக் குறைத்து வைத்தோம், காட்டிய பிறகு அழிப்பது என்று ஒப்பந்தமும் போட்டோம். ஒப்பந்தம் சுமாராக அமலில் இருக்கிறது.

எப்போதாவது மட்டும் தேவைப்படும் ஆப்களுக்கு ஆர்க்கைவ் என்றொரு வழி இருக்கிறது, பலருக்கு இது தெரியவே இல்லை. 2023-இலிருந்து பிளே ஸ்டோரில் தானாகச் செய்யும்படி வைக்கலாம், ஆண்ட்ராய்டு 15-இல் சிஸ்டத்திலேயே வந்துவிட்டது. ஆப்பின் பெரும்பகுதி போய்விடும், ஐகானும் நம்முடைய தகவலும் அப்படியே இருக்கும், தொட்டால் திரும்ப இறங்கும். ஐபேடில் இதையே ஆஃப்லோட் என்பார்கள், 2017-இல் ஐஓஎஸ் 11-லிருந்து இருக்கிறது. மகளின் படம் வரையும் ஆப்பில் மட்டும் நான் எதையும் தொடுவதில்லை. கேஷை, அதாவது ஆப் தற்காலிகமாகச் சேர்த்து வைப்பதை, அழிப்பது வேறு, டேட்டாவை அழிப்பது வேறு. இரண்டு பட்டனும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கேஷ் போனால் ஆப் திரும்ப உருவாக்கிக்கொள்ளும், டேட்டா போனால் அவள் வரைந்த படமெல்லாம் போய்விடும்.

கிளீனர் ஆப் வேண்டவே வேண்டாம். மற்ற ஆப்பின் கேஷை வெளியிலிருந்து ஒரு ஆப் அழிக்க இப்போதைய ஆண்ட்ராய்டு விடுவதில்லை. அதனால் அவை அக்ஸஸிபிலிட்டி அனுமதி கேட்கும், கொடுத்தால் உங்கள் திரையில் இருப்பதையெல்லாம் படிக்க முடியும். ராக்கெட் பறக்கிற மாதிரி ஒரு படம் காட்டிவிட்டு விளம்பரம் போடுவதற்கு இவ்வளவு அதிகாரமா?

இனி மெமரி கார்டு. கார்டு போடும் வழி இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது, முழுதும் தீராது. பாட்டு, வீடியோ, போட்டோ, பிடிஎஃப் இதெல்லாம் கார்டில் இருக்கலாம். ஆப்கள் உள்ளேயே இருக்கட்டும். 2015-இல் ஆண்ட்ராய்டு 6-உடன் கார்டையே உள் சேமிப்பு மாதிரி மாற்றிக்கொள்ளும் வசதி வந்தது, எல்லாத் தயாரிப்பாளர்களும் அதைத் தருவதில்லை, தந்தாலும் நான் சொல்லமாட்டேன். அப்படி மாற்றிய கார்டு பூட்டப்பட்டு அந்த ஒரு டேப்போடு கட்டுண்டுவிடும், வேறு எதிலும் போட்டுப் படிக்க முடியாது. டேப் போனால் கார்டில் இருந்ததும் போச்சு. ஆப்பைக் கார்டில் வைத்தே தீர வேண்டும் என்பவர்கள் ஏ1 அல்லது ஏ2 என்று குறி போட்ட கார்டாகப் பார்த்து வாங்குங்கள். கிளாஸ் 10 என்ற எண் பெரிய வீடியோவைத் தொடர்ச்சியாக எழுதும் வேகத்தைச் சொல்வது. ஆப்புக்குத் தேவை அங்குமிங்கும் சின்னச் சின்னதாகப் படிக்கும் வேகம், ஏ1 என்றால் நொடிக்கு 1,500 தடவை.

போலிக் கார்டு நிறைய உலவுகிறது. 16 ஜிபி சில்லை வைத்துவிட்டு 256 என்று காட்டும், எழுதும்போது எல்லாம் ஏறிய மாதிரியே இருக்கும், திறந்தால்தான் ஒன்றும் இருக்காது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கையில் வாங்கினாலும் சரி, ஆன்லைனில் வந்தாலும் சரி, புதுக் கார்டை முழுக்க நிரப்பிப் பார்த்து, கடைசியில் ஏறிய ஃபைல்கள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே குடும்பப் படங்களை அதில் வையுங்கள். 32 ஜிபி வரை உள்ள கார்டுகள் வழக்கமாக ஃபேட்32 முறையில் வரும், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை எழுத முடியாது. ஸ்டுடியோக்காரர் கொடுத்த அறுபதாம் கல்யாண முழு வீடியோ, கார்டில் 20 ஜிபி காலியாக இருந்தும் ஏற மறுத்தது அதனால்தான். இரண்டாக வெட்டி ஏற்றினோம். 64 ஜிபி கார்டு எக்ஸ்ஃபேட்டில் வரும், இந்தத் தொல்லை இல்லை.

கிளவுட் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் ஏற்றிய காலம் 2021 ஜூன் 1-உடன் முடிந்தது, இப்போது மெயில், டிரைவ், போட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான். பேக்கப் ஆன பிறகு டேப்பில் உள்ள நகலை மட்டும் நீக்க ஃப்ரீ அப் ஸ்பேஸ் என்ற வழியில் போங்கள். படத்தைத் தேர்ந்தெடுத்து சாதாரணமாக டிலீட் கொடுத்தால் கிளவுடிலிருந்தும் போய்விடும். பேக்கப் ஆன படம் என்றால் 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், அதற்குள் நினைவு வந்தால் சரி.

புதிதாக வாங்கப்போகிறவர்கள் 128 ஜிபிக்குக் கீழே பார்க்காதீர்கள், விலை வித்தியாசத்தைப் பேட்டரியிலோ கேமராவிலோ மிச்சம் பிடித்துக்கொள்ளுங்கள், டேப்பில் யார் போட்டோ எடுக்கிறார்கள். ஐபேடில் கார்டு போடும் இடம் எப்போதுமே கிடையாது, ஆண்ட்ராய்டிலும் சில டேப்களில் இல்லை, அதனால் பக்கவாட்டில் அந்தச் சின்னத் தட்டு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.